வீட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: திரையில் தொடங்கி பிராசசருக்கு வாருங்கள்

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். பட்ஜெட் 80,000 ரூபாய். முதல் வரியில் இன்டெல் கோர் ஐ7 பிராசசர். அதற்கு அடுத்து ஆறு வண்ண விளக்கு ஃபேன், கண்ணாடிக் கேபினெட். கடைசி வரியில், காய்கறிக் கடையில் கொசுறுக் கறிவேப்பிலை கேட்பதுபோல, “கிராபிக்ஸ் கார்டு, 4 ஜிபி ஏதாவது”.

“மானிட்டர் எதுடா?” என்று கேட்டேன்.

“அப்பாவோட பழைய ஆபீஸ் மானிட்டர்தான் மாமா. நல்லாத்தானே இருக்கு.”

அந்தப் பட்டியலைக் கிழித்துத் திரும்ப எழுத இரண்டு மாலை ஆனது. பெரும்பாலானவர்கள் பிராசசரில் ஆரம்பித்து, மிச்சக் காசில் மற்றதை வாங்குகிறார்கள். நான் சொல்லப்போவது தலைகீழ் வரிசை. எந்த விளையாட்டு, எந்தத் திரை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஏற்ற கார்டு, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் பிராசசர் என்று பின்னோக்கி வாருங்கள்.

முதலில் திரை

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். உள்ளே இருக்கும் பெட்டி 200 படங்களைத் தயாரித்தாலும் கண்ணுக்கு வருவது அவ்வளவுதான். அதனால் கம்ப்யூட்டருக்கு 80,000 போட்டுவிட்டு மானிட்டரை அப்படியே விடுவது, புது மோட்டார் போட்டுவிட்டுப் பழைய துருப்பிடித்த குழாயையே வைத்துக்கொள்வது மாதிரி. 1080பி ரெசல்யூஷனில் (1920 x 1080 பிக்சல்) 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையுள்ள மானிட்டர்கள் இப்போது நடுத்தர பட்ஜெட்டுக்குள் கிடைக்கின்றன. அதற்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து, எந்த விளையாட்டு? இங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் புள்ளி வைக்கிறது: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, கதவு திறந்ததா என்ற கணக்கெல்லாம் அதனுடையது. கிராபிக்ஸ் கார்டு அந்தப் புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்து வண்ணம் நிரப்புகிறது. வாசல் பெரிதானால், அதாவது ரெசல்யூஷன் கூடினால், வண்ணப் பொடி போடுகிறவருக்குத்தான் வேலை அதிகம். புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ அதேதான்.

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரியான போட்டி விளையாட்டுகளில் கோலம் எளிமையானது, ஆனால் நொடிக்கு இருநூறு முந்நூறு போட வேண்டும். அங்கே புள்ளி வைப்பவர் திணறுவார், பிராசசர் முக்கியம். சைபர்பங்க் 2077 மாதிரியான விளையாட்டில் ஒவ்வொரு கோலமும் தேர்த்திருவிழாக் கோலம். அங்கே பெரும்பாலும் கார்டுதான் மூச்சு வாங்கும்.

ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை. விளையாட்டின் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். நொடிக்கு வரும் படங்கள் கிடுகிடுவென ஏறினால் கார்டுதான் தடை. அசையாமல் அப்படியே நின்றால் பிராசசர் தடை. புதிதாக எதையும் வாங்கும் முன் காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

என் கணக்கு இப்படி: மானிட்டரைத் தவிர்த்த பட்ஜெட்டில் 35 முதல் 40 சதவீதம் கார்டுக்கு, பிராசசருக்கு 20 சதவீதத்துக்குள். வேலரன்ட் மட்டும்தான் வாழ்க்கை என்பவர்கள் பிராசசருக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

பிராசசர்: பெயரைப் பார்க்காதீர்கள், சாக்கெட்டைப் பாருங்கள்

பிராசசரை இன்று வாங்கி நாலு வருடம் கழித்து மாற்றலாம். ஆனால் அது உட்காரும் சாக்கெட் மதர்போர்டோடு, அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் பலகையோடு, ஒட்டிப் பிறந்தது. எனவே எந்தச் சாக்கெட் என்பதுதான் முதல் கேள்வி. இப்போது சந்தையில் நாலு பாதைகள் இருக்கின்றன.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் 2017-ல் ரைசன் பிராசசர்களோடு பரவலாக வந்தது. இன்னும் விற்கிறது. ராம் (ஓடும் நிரல்களின் தற்காலிக நினைவகம்) முந்தைய தலைமுறையான டிடிஆர்4 போதும். ரைசன் 5 5600 இங்கே நல்ல சிக்கனத் தேர்வு: 6 கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்). ஆனால் பாதை முடிந்துவிட்டது. அடுத்த தலைமுறை இதில் வராது. ஏற்கெனவே ஏஎம்4 போர்டும் ராமும் கையில் இருந்தால் மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசையோடு வந்தது. டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும். 2027 வரையாவது இதைத் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு என் வாக்கு இதற்குத்தான். இன்று ரைசன் 5 7600 போட்டுவிட்டு, சம்பளம் உயர்ந்தபின் அதே போர்டில் பெரிய பிராசசரை மாற்றிக்கொள்ளலாம்.

இன்டெல் பக்கம் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14-ம் தலைமுறைகளுக்கானது. ஐ5 12400எஃப் இன்றும் மரியாதையாக ஓடும். ஆனால் 14-ம் தலைமுறையோடு இந்தச் சாக்கெட்டும் முடிந்தது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு எல்ஜிஏ 1851 என்ற வேறு சாக்கெட், வேறு போர்டு. அதன் முதல் வெளியீட்டுப் பிராசசர்கள் விளையாட்டில் முந்தைய தலைமுறையைத் தெளிவாக முந்தவில்லை.

13, 14-ம் தலைமுறைக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டாப் பிராசசர்களில் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி, காலப்போக்கில் நிலைகுலையும் பிரச்சினை இருந்தது. விளையாட்டு நடுவில் மூடிக்கொள்வது, நீலத் திரை வருவது என்று ஐ7, ஐ9 வாங்கியவர்கள்தான் அதிகம் அழுதார்கள். இன்டெல் 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டது, வாரன்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால் அந்தத் திருத்தம் இனி வரும் கெடுதலைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே பழுதானதைச் சரிசெய்யாது. எனவே இவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். புதியதாக வாங்கினால் முதல் வேலையாகப் பயாஸை, அதாவது போர்டின் தொடக்க மென்பொருளை, அப்டேட் செய்யுங்கள்.

சரி, எத்தனை கோர் வேண்டும்? இன்றைய விளையாட்டுக்கு 6 கோர் போதும். 8 இருந்தால் நிம்மதி. 12, 16 எல்லாம் வீடியோ ரெண்டர் செய்பவர்களுக்கு. விளையாட்டில் கோர் எண்ணிக்கையைவிடக் கேஷ் அதிகம் பேசும். கேஷ் என்பது பிராசசருக்குள்ளேயே இருக்கும் குட்டி நினைவகம். அஞ்சறைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் ராமிலிருந்து எடுத்து வர வேண்டும். ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்பி. 7600-ல் 32 எம்பி. வெறும் 8 கோர் வைத்துக்கொண்டு அதைவிட இரண்டு மடங்கு கோர் உள்ள பிராசசர்களையும் விளையாட்டில் அது ஓரங்கட்டியதற்கு இதுதான் காரணம். ஆனால் நடுத்தரக் கார்டோடு அதைப் போட்டால் அந்தப் பலம் வெளியே தெரியாது. முதலில் 7600, பிற்காலத்தில் இந்த எக்ஸ்3டி வகையில் ஒன்று. ஏஎம்5 சொன்னதற்கு உண்மையான காரணம் இந்த வழி திறந்திருப்பதுதான்.

பெயரில் இருக்கும் பொறிகள்

பட்டியல் பார்க்கும்போது இங்கேதான் ஏமாறுவார்கள்.

ரைசன் 5 5500-க்கும் 5600-க்கும் நூறுதான் வித்தியாசம் என்று தோன்றும். உள்ளே வேறு சில்லு. 5500-ல் எல்3 கேஷ் 16 எம்பி, பிசிஐஇ (கார்டு பிராசசரோடு பேசும் பாதை) மூன்றாம் தலைமுறை. 5600-ல் 32 எம்பி, நான்காம் தலைமுறை. அதேபோல ரைசன் 5 8400எஃப் என்பது 7500எஃப்-ஐவிடப் புதியது போலத் தெரியும், கேஷ் பாதிதான். தனிக் கார்டு போடுபவர்கள் 7500எஃப்-ஐயே எடுக்க வேண்டும்.

இன்டெல் பெயரில் கடைசியில் எஃப் இருந்தால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. 7500எஃப்-பும் அப்படித்தான். விலை குறையும்; ஆனால் கார்டு பழுதானால் திரையில் ஒன்றுமே வராது. ‘கே’ இருந்தால் ஓவர்கிளாக் செய்யலாம் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம்), அதற்கு இசட் வரிசை போர்டு வேண்டும். கே பிராசசரை பி760 போர்டில் போட்டுக் கொடுக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். கே-க்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

மாறாக ‘ஜி’ என்று முடியும் ரைசன்களில் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும். இப்போதைக்குக் கார்டு வாங்கவே பணம் இல்லை என்றால் 8600ஜி-யில் வேலரன்ட் நன்றாகவே ஓடும். ஒரு வருடத்துக்குள் கார்டு வாங்கிவிடுவேன் என்பவர்களுக்கு ஜி வேண்டாம். அதன் கேஷும் 16 எம்பி-தான்.

போர்டும் ராமும்

ஏஎம்5-க்கு பி650 வகைப் போர்டு போதும், பி850 கிடைத்தால் சரி. இரண்டுக்கும் நடுவில் பி840 என்று ஒன்று இருக்கிறது. எண்ணில் பெரியது, வசதியில் பி650-ஐவிடக் கீழே. இன்டெல் எல்ஜிஏ 1700-க்கு பி760. ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் டிடிஆர்5 போர்டும் இருக்கும், பெட்டியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ராமின் வெட்டு இடம் மாறியிருப்பதால் தவறானதைச் செருகவே முடியாது.

பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாகப் பாருங்கள். கடையில் ஒரு வருடமாகத் தூங்கிய பி650 போர்டு ரைசன் 9000 வரிசையை அடையாளம் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். இந்தப் பொத்தான் இருந்தால் பிராசசர் இல்லாமலேயே பென்டிரைவ் வழியாகப் பயாஸை ஏற்றிவிடலாம்.

ராம் விஷயத்தில் நேரம் சரியில்லை. 2025-ன் இறுதியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. வழக்கமாக, டிடிஆர்5 6000 வேகத்தில் 16 ஜிபி இரண்டு குச்சி வாங்குங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இப்போது முடியாதவர்கள் ஒரே ஒரு 16 ஜிபி குச்சியோடு தொடங்கி, விலை இறங்கியதும் அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். ஒற்றைக் குச்சியில் வேகம் கொஞ்சம் அடிபடும், தாங்கிக்கொள்ளுங்கள். 8 ஜிபி இரண்டு வாங்கிப் பின்னால் இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்று திட்டமிடாதீர்கள். நாலு குச்சி போட்டால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் வெறும் 3600.

எஸ்எஸ்டி (விளையாட்டுகளும் கோப்புகளும் தங்கும் சேமிப்பகம்) 1 டிபி என்விஎம்இ வகை, பிசிஐஇ நான்காம் தலைமுறை. ஐந்தாம் தலைமுறைக்கு விளையாட்டில் பலன் தெரியாது. இதைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

கார்டு

1080பி-க்கு 8 ஜிபி உள்ள கார்டு இன்றும் ஓடும். ஆனால் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தெளிவை) உச்சத்தில் வைத்தால் சில புதிய விளையாட்டுகள் நினைவகம் போதாமல் தட்டுத்தடுமாறும். அப்படித் தடுமாறும்போது நொடிக்கு வரும் படங்களின் சராசரி நன்றாக இருக்கும், விளையாடும்போது மட்டும் வெட்டி வெட்டிப் போகும். ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி-யோடு மட்டுமே வருகிறது. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 8, 16 என இரண்டு வகையிலும் உண்டு. பெட்டியின் பெயர் ஒன்றுதான், எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அக்கா மகனுக்கு நான் 16 ஜிபி வகையைச் சொன்னேன். ஐ7-இல் மிச்சமானது அங்கே போனது.

பழைய போர்டு வைத்திருப்பவர்கள் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள். பிசிஐஇ பாதை நாலே நாலு; மூன்றாம் தலைமுறை போர்டில் அது பாதி மூச்சில்தான் ஓடும்.

எஸ்எம்பிஎஸ், எர்த், யுபிஎஸ்

வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரு பத்தியில் தாண்டிப்போகும் இடம் இது. நம் ஊரில் கம்ப்யூட்டர் கெட்டுப்போவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மேலே சொன்ன பாகங்களுக்கு 550 அல்லது 650 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) தாராளம். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும். உள்ளே போட்டிருக்கும் கெபாசிட்டரின் தரத்தைச் சொல்லாது. அதனால் முத்திரையோடு வாரன்டியையும் பாருங்கள். 5 வருடம் கொடுக்கிறவர் தன் சரக்கை நம்புகிறார். ஒருமுறை நான் எழுதிக் கொடுத்த எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பதிலாக, “அதே வாட்ஸ்தான் சார்” என்று ஒரு கடைக்காரர் கையில் இலவம்பஞ்சு போல லேசாக இருக்கும் ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். திரும்பப் போய் மாற்ற அரை நாள் போனது.

அடுத்தது எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று நினைத்து மாற்றுபவர்கள் பலர். காரணம் பெரும்பாலும் சுவரில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் இரைச்சல் வடிகட்டும் கெபாசிட்டர்கள் மின்கம்பிகளையும் உலோக உடலையும் இணைக்கின்றன. அந்தக் கசிவு எர்த் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி அழுத்தத்தில் மிதக்கும். கசிவின் அளவு மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. செருப்புப் போட்டுக்கொண்டு விளையாடுவது தீர்வல்ல. எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் சோதித்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டரைச் செருகுங்கள்.

யுபிஎஸ் கணக்கு இது: 600 விஏ என்று எழுதியிருப்பது வழக்கமாக 360 வாட்தான் தாங்கும். 7600 முழு வேகத்தில் 88 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட், போர்டு, ராம், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. கூட்டினால் 300-ஐத் தொடும். எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் மானிட்டரையும் சேர்த்தால் 360-ஐத் தாண்டிவிடும். கரன்ட் போன நொடியிலேயே யுபிஎஸ்ஸும் கத்திவிட்டுப் படுத்துவிடும். 1000 அல்லது 1100 விஏ வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அது சைன் வேவ் வகையா என்று பார்த்து, பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள்.

வெயில்

வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி ஏசி அறையில் எடுத்தவை. கத்திரி வெயிலில் நம் மாடி அறை 36 டிகிரி இருந்தால், அந்த 15 டிகிரியை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே 75 காட்டிய கூலர் இங்கே 90 காட்டும். ரைசன் 7600-ன் உச்ச வரம்பு 95. பெட்டியோடு வரும் கூலர் வேலை செய்யும், ஆனால் கத்தும். இரண்டாயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைக்கும் ஒற்றைக் கோபுர ஏர் கூலர் போதும். இந்தப் பிராசசருக்குத் தண்ணீர்க் கூலர் ஆடம்பரம்.

கேபினெட்டின் முன்பக்கம் வலையாக இருக்கட்டும். கண்ணாடி முன்பக்கம் அழகு, ஆனால் காற்று எந்த வழியாக வரும்? முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. மாதம் ஒருமுறை தூசி வலையைக் கழுவுங்கள்.

வாங்கும்போது

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. ஆனால் ஆன்லைன் விலையை முதல் நாளே எழுதிக்கொண்டு போங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடித்து மூன்று வருட வாரன்டியை இழப்பீர்கள். பிராசசரைச் சீல் பிரிக்காத பெட்டியில் வாங்குங்கள். ட்ரே என்று பெட்டி இல்லாமல் வருவதற்குப் பெரும்பாலும் கடைக்காரரின் வாரன்டி மட்டும்தான். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.

பழைய பொருள் வாங்கலாமா? மேலே சொன்ன இன்டெல் 13, 14-ம் தலைமுறையைத் தவிர மற்ற பிராசசர்கள் லேசில் கெடாது, வாங்கலாம். கார்டை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கலாம். எஸ்எம்பிஎஸ் மட்டும் கூடவே கூடாது.

பூட்டும்போது

மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டி மேலேயே வைத்து வேலையைத் தொடங்குங்கள். ஏஎம்5, எல்ஜிஏ சாக்கெட்டுகளில் ஊசிகள் போர்டில் இருக்கும். விரல் பட்டாலே வளையும். பிராசசரின் முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வையுங்கள். ராம் இரண்டு குச்சி என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? சிரிக்காதீர்கள், நானே ஒருமுறை உரிக்காமல் பூட்டியிருக்கிறேன். பிராசசர் மேல் வைக்கும் தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு.

கேபினெட்டுக்குள் வைக்கும் முன், கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் இணைத்து வெளியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் எட்டு ஊசி வயர் இரண்டு வகை: நாலும் நாலுமாகப் பிரிவது பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு. கழற்றி மாட்டும் வயர்களை வேறு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்; முனை பொருந்தும், உள்ளே இணைப்பு மாறியிருக்கும், பாகம் எரியும்.

முதல் முறை ஆன் செய்ததும் ஏஎம்5 போர்டு சில நிமிடங்கள் கருந்திரையோடு நிற்கும். ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில்தான் அக்கா மகன், “மாமா, போச்சு!” என்று போன் செய்தான். டீ போட்டுக் குடித்துவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தபோது பயாஸ் திரை வந்திருந்தது.

பயாஸில் எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள், இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி. செய்யாவிட்டால் 6000 வேக ராம் 4800-லேயே ஓடும். டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்புகள் இரண்டும் ஆனில் இருக்கட்டும். விண்டோஸ் 11-ல் வேலரன்ட் இவை இல்லாமல் திறக்காது. மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். கடைசியாக விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் போய் 60 ஹெர்ட்ஸை 144-க்கோ 180-க்கோ மாற்றுங்கள். அது தானாக மாறாது. மாதக்கணக்கில் 60-லேயே விளையாடியவர்களை எனக்குத் தெரியும்.

பெட்டிகளைப் பரணில் போடுங்கள், எடைக்குப் போடாதீர்கள். வாரன்டிக்குக் கேட்பார்கள். பில் தெர்மல் தாளில் இருந்தால் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.